ஊசிக்காது நேயர்

"அம்மா, கொஞ்சம் வாயை மூடிட்டு உக்காருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

கடைக்கு வந்தவரிடம் எந்தத் தையல்காரரும் இப்படிப் பேச மாட்டார். இவர் பேசுவார். சால்வைக்கு ஓரம் அடிக்க வந்திருந்த அந்த அம்மாள், எவ்வளவு நேரமாகும் என்றுதான் கேட்டார். அதற்கு இந்த மரியாதை.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள், மூலையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி. "இன்னிக்கு இவருக்குத் துக்க நாள். கடல் தாண்டி எங்கேயோ இருக்கற ரேடியோ ஸ்டேஷன். அதுல தமிழ் நிகழ்ச்சியை இன்னியோட நிறுத்தறாங்களாம்."

தையல்காரர் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். மோட்டார் மெஷின், டியூப் லைட், ஃபேன். எது ஓடினாலும் சிற்றலையில் கொர்ரென்று இரைச்சல் ஏறிவிடும். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரிடம் போய்க் கும்பிடாத குறையாகக் கேட்டு, அந்த மெஷினையும் நிறுத்திவிட்டு வந்தார். பிறகு, ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்குப் போகும் ஏரியல் கம்பியைத் தடவிக் கொடுத்துவிட்டு, ரேடியோவின் குமிழை மயிரிழை திருப்பினார்.

விசில். கரகரப்பு. யாரோ ஒருவரின் புரியாத மொழி. அதையெல்லாம் விலக்கிக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு பெண்குரல்.

"வணக்கம், அன்பு நேயர்களே!"

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவதான்," என்று மனைவி கிசுகிசுத்தாள். "கல்யாணமான புதுசுலேருந்து எனக்கும் இவளுக்கும்தான் போட்டி. நான் சொல்றதை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவார். அவ எவ்வளவு கரகரத்தாலும் ஒரு வார்த்தை தப்பாது. எப்படிக் கேட்டுச்சு, எங்க தேஞ்சுதுன்னு வாராவாரம் எழுதிப் போடுவார். அங்கேருந்து அட்டை அனுப்புவாங்க. சுவத்துல பாருங்க."

மற்ற கடைகளில் சட்டை மாடல் படங்கள் இருக்கும் இடத்தில், இங்கே பனிமலையும் கலங்கரை விளக்கமும் ஒலிபரப்புக் கோபுரமும் வரிசையாக ஒட்டியிருந்தன. சால்வைக்கார அம்மாள் எழுந்துபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஆசைதான்," என்றார் தையல்காரர், கண்ணைத் திறக்காமலே. "ஊசிக்காது நேயர்னு எனக்குப் பேர் வெச்சதே அவங்கதான். இன்னிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லிட்டாப் போதும். இவ்வளவு வருஷம் கேட்டதுக்கு அது போதும்."

"குரல் அப்படி ஒண்ணும் பிரமாதமா இல்லியே," என்றார் அந்த அம்மாள்.

கண் திறந்துகொண்டது. "உங்களுக்கு என்னம்மா தெரியும்? எங்கப்பா போனப்போ இந்தக் கடையில பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருந்தேன். யார் சொன்ன ஆறுதலும் ஏறல. இந்தக் குரல் சும்மா செய்தி படிச்சுது, அதுலதான் மனசு தெளிஞ்சுது. நீங்களும்தான் பேசறீங்க. நல்ல வெண்கலத் தொண்டை, இல்லேங்கல. ஆனா அந்தக் குரலோட கால் தூசிக்கு ஆகுமா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். வந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. "ஆகாதுதான்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

"பாவம், அழுதுக்கிட்டே பேசறாளோ என்னவோ," என்றாள் மனைவி. போட்டியெல்லாம் அவளுக்கும் மறந்துவிட்டது.

"முன்னாலேயே பதிவு பண்ணி வெச்சிருப்பாங்க," என்றார் அந்த அம்மாள்.

"கடைசி நாளையா? அவங்க அப்படிப்பட்டவங்க இல்லம்மா," என்று தையல்காரர் அடித்துச் சொன்னார். "உஷ்!"

ரேடியோவில் விடைபெறும் கட்டம் வந்திருந்தது. "...நேயர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. இவர்களில் ஒருவரை மட்டும் பெயர் சொல்லி..."

அவ்வளவுதான். குரல் தேய்ந்து கரைந்தது. சிற்றலையின் குணமே அதுதான், ஏறும், இறங்கும். ஆனால் இறங்குவதற்கு வேறு நேரமா கிடைக்கவில்லை? தையல்காரர் குமிழைத் திருப்பினார், ரேடியோவைத் தூக்கிப் பிடித்தார், ஸ்டூல்மேல் ஏறி ஏரியல் கம்பியைக் கையால் பற்றிக்கொண்டு நின்றார். ஓவென்ற இரைச்சல். அது விலகியபோது முடிவு இசைதான் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

ஸ்டூலிலிருந்து இறங்கி உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்துத் தலை நரைத்த மனிதர், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னாங்களா, இல்லியா? இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களைத்தான் சொல்லியிருப்பாங்க," என்றார் அந்த அம்மாள் மெதுவாக.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க. இருக்கட்டும்." விளக்கைப் போட்டு, கடையின் போன் நம்பர் அச்சிட்ட ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "சால்வையை நாளைக்கு வாங்கிக்கங்க. நான் கத்தினதை மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ரசீதைப் பார்த்தபடியே படியிறங்கிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கடை போன் அடித்தது. எப்போதும் கரகரக்கிற பழைய போன். மாற்றச் சொல்லி மனைவி சொல்லாத நாளில்லை. தையல்காரர் வேண்டா வெறுப்பாக எடுத்தார்.

"யாரு?"

கரகரப்பு. அதற்கு அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு பெண்குரல்.

"வணக்கம், அன்பு நேயரே!"

காதில் செருகியிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"சற்று முன் இரைச்சலில் தவறிப்போன வரி இதுதான்: 'ஒருவரை மட்டும் பெயர் சொல்லி வணங்க விரும்புகிறேன். அவர் எங்கள் ஊசிக்காது நேயர்.'"

"யாருங்க? என்னங்க ஆச்சு?" என்று மனைவி உலுக்கினாள்.

"மற்றபடி," என்றது குரல், "என் சால்வை நாளைக்குத் தயாராகிவிடும் அல்லவா?"