இல்லாத பல்வலி

பல்வலி என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்த லிஃப்ட் மெக்கானிக், மாநகராட்சி சுகாதார நிலையத்தில் முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் பல் என்றுகூட அவள் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே பல் வலித்தது.

காலையில் சுகாதார நிலையத்திலிருந்து ஃபோன் வந்திருந்தது. அவரோடு நெருக்கமாக இருந்த ஒருவருக்குப் பால்வினை நோய் உறுதியாகியிருக்கிறது, அவரும் வந்து இலவசமாகப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார்கள். யார் என்று கேட்டார். பெயரை மட்டும் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? போன வருஷம் பயிற்சிக்கு வெளியூர் போன இடத்தில் புத்தி கெட்டுப்போன ஒரே ஒரு ராத்திரி. ஒரு பாவமும் அறியாத மனைவிக்கும் நோயைக் கொண்டுவந்து கொடுத்திருப்போமோ என்று பயந்துதான் ஓடிவந்திருந்தார்.

செவிலியர் அவரை உள்ளே கூப்பிட்டு விரல் நுனியில் ரத்தம் எடுத்தார். "பயப்படாதீங்க, இருந்தாலும் குணப்படுத்திடலாம். ஊசிதான் உங்களுக்கு ஒத்துக்காதே, மாத்திரை தர்றோம்."

அவர் எதையும் காதில் வாங்காமல் தலையாட்டினார். எத்தனையோ மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவருக்கு ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து வியர்த்துக் கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது. ஒன்றுமில்லை என்றார் செவிலியர். போன வருஷம் நடந்தது என்று மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இருந்தா இந்நேரம் காட்டியிருக்கும். உங்களால யாருக்கும் வந்திருக்காது."

தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டதாகக் கதை விட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை. நோய் இல்லையென்றால் துரோகமும் இல்லையென்று ஆகிவிடுமா?

மனைவி அடுப்பைப் பற்றவைக்காமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"உனக்கு ஒண்ணும் வராதும்மா. அந்தப் பொம்பளைக்கு மனசாட்சி இருந்திருக்கு, என் நம்பரைக் கொடுத்திருக்கா."

அவள் தலையை நிமிர்த்தாமல் வெகுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள்.

"உங்க நம்பரைக் கொடுத்தது நான்தாங்க."