நல்ல தண்ணீர் கேன்

“மாதாமேல சத்தியமாச் சொல்லுதேன்லே அய்யாக்குட்டி, நல்ல தண்ணியத் தவிர ஒரு சொட்டு வேற ஊத்தல.”

ரோச் கத்தியது கோயில் முக்குவரை கேட்டது.

மாதா பேரை இழுத்த பிறகு தெரு சும்மா இருக்குமா? மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு விஜிலா, காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் வெளியே வந்தாள். கொடியில் துணியே இல்லை.

நடுத்தெருவில் ரோச்சின் வேன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்கு இருபத்திரண்டு வயது. ரோச்சின் மகள் ஸ்டெபிக்கும் அதே வயதுதான்.

படகை விற்ற காசில் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கியது. தினமும் புன்னைக்காயலிலிருந்து பதினெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி இறால் கம்பெனிக்குப் போகும். போகிற நாளில் போகும்.

இந்த எட்டு மாதத்தில் செல்ஃப் மோட்டார் போனது. கிளட்ச் பிளேட் போனது. பின்பக்கப் பட்டை முறிந்தது. தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழ, அது வழியாக ஒருத்தியின் செருப்பு ஆற்றுப் பாலத்தில் விழுந்தது. அவள் ஒற்றைச் செருப்போடு இறால் உரித்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் ரோச்சின் மனைவி பிளாரன்ஸின் கழுத்தும் கையும் கொஞ்சம் கொஞ்சமாக வெறிச்சோடின. காதில் மட்டும்தான் பாக்கி.

இந்த மாதம் வண்டி மூன்று தடவை வழியிலேயே பொங்கி நின்றுவிட்டது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

இன்று சனிக்கிழமை.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த மெக்கானிக் அய்யாக்குட்டி ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில், பால் விட்ட டீ மாதிரி இருந்தது. ரேடியேட்டர் அரித்துவிட்டதாம், கேஸ்கெட் போய்விட்டதாம், ஹெட் வளைந்துவிட்டதாம். ஐம்பத்தையாயிரம் ஆகுமாம். வண்டியை எடைக்குப் போட்டால்கூட அவ்வளவு தேறாதாம்.

அதற்கெல்லாம் ரோச்சுக்குக் கோபம் வரவில்லை. தலையைக் குனிந்துதான் கேட்டார். பல மாசமாக யாரோ உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று அய்யாக்குட்டி சொன்னதும்தான் மாதாவை இழுத்தார்.

கோபம் வராதா பின்னே? அந்த ஊர்க் கிணற்றில் ஊறுவதெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர் லாரியில் வரும். குடம் இத்தனை என்று காசு கொடுத்துப் பிடிக்க வேண்டும். அதிலும் ஒரு கேன் தண்ணீரை வேனுக்கென்று எடுத்து வைத்து, கேன்மேல் சிவப்பு பெயின்டில் ‘வேன்’ என்று எழுதியும் வைத்திருந்தார் ரோச். யாரும் தொடக் கூடாது. வீட்டில் மூத்த பிள்ளை அதுதான் என்று தெரு கேலி பேசும்.

அய்யாக்குட்டி நேராகப் போய் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தார். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு. உடனே துப்பிவிட்டார்.

“நீங்களே பாருங்க அண்ணாச்சி.”

ரோச் பார்த்தார். முப்பது வருஷம் கடலில் கிடந்தவருக்கு உப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீர்தான்.

கேனை மூடப் போனவரின் கை நின்றது. மூடியின் மரையில் ஒரு முடி சிக்கியிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். சீயக்காய் வாசனை.

ரோச் மெல்லத் தலையைத் தூக்கினார்.

மொட்டைமாடியில் ஸ்டெபி தலை குளித்துவிட்டு முடியை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் எந்தச் சண்டை என்றாலும் முதல் ஆளாக எட்டிப்பார்க்கிறவள், இன்று கடல் பக்கம் திரும்பி நின்றாள்.

பெண் பார்க்க ஆள் வரத் தொடங்கிய நாளிலிருந்தே அந்த முடிக்கு ஒரு தனி மினுமினுப்பு. தேங்காய் எண்ணெய்தான் காரணம் என்று தெரு முடிவு செய்திருந்தது. போன மாதம் வந்த தூத்துக்குடிக்காரர்கள் வேறெதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முடியைக் கையில் ஏந்திப் பார்த்து, உப்புத் தண்ணீர் ஊரில் இப்படியா என்று ஆச்சரியப்பட்டு, அங்கேயே பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வேனைக் குடித்து வளர்ந்த முடி என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பினால், அது பஸ்ஸுக்கு முன்னால் தூத்துக்குடி போய்ச் சேரும்.

தெரு காத்துக்கொண்டு நின்றது.

ரோச் முடியை விரலில் சுற்றிச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார்.

“நாந்தாம்லே ஊத்துனேன். லாரி வராத நாளெல்லாம் கிணத்துத் தண்ணியத்தான் ஊத்துனேன்.”

யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். விஜிலா மட்டும் அய்யாக்குட்டியைப் பார்த்து, கேட்டீரா என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள்.

திங்கட்கிழமை வேறு வேன் வந்தது. ரோச்சின் வேன் எடைக்குப் போனது. அந்த வருஷத் திருவிழாவில் சப்பரம் தூக்க ரோச்சை யாரும் கூப்பிடவில்லை. மாதா பேரில் பொய்ச் சத்தியம் செய்த தோள் எதற்கு என்று பேசிக்கொண்டார்கள். இப்போது அதே இறால் கம்பெனிக்கு ஐஸ் உடைக்கப் போகிறார், அடுத்தவன் வேனில், கதவோரம் நின்றுகொண்டு.

மே மாதம் ஸ்டெபிக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை டெரன்ஸுக்குக் கோயம்புத்தூரில் வேலை; அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

போன பிறகு முதல் தடவை போன் பேசியபோது பிளாரன்ஸ் அடுப்பிலிருந்து மாமியார்வரை அரைமணி நேரம் விசாரித்தாள். கடைசியில் போன் ரோச் கைக்கு வந்தது.

“ஏளா, அங்கன தண்ணி நல்லா இருக்கா?”

அந்தப் பக்கம் அழுகை.

பிளாரன்ஸ் போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிள்ளை அழுகிற மாதிரி அப்படி என்னத்தைக் கேட்டீர் என்று பாய்ந்தாள்.

தண்ணீரைத்தான் கேட்டேன் என்றார் ரோச்.