பதிவில் உள்ளபடி

பிள்ளைகள் வீட்டிலிருந்து ஃபோனில் பதிவு செய்து அனுப்பிய சொந்தக் கதைகள்தான் நாடகம். நடிப்பதும் அவர்களேதான். பதிவில் உள்ள ஒரு சொல்லும் மாறக் கூடாது என்பது டைரக்டரின் சட்டம்.

ஒரு பெண்ணின் பதிவில் நடுவே அவள் அம்மா குறுக்கிடுவாள். ஒத்திகையில் அம்மாவின் வரியை ஒரு தோழி திரைமறைவிலிருந்து சொன்னாள்.

“சாப்பிட்டுட்டுப் பேசுடி, ஆறிப் போகுது!”

“இதோ வரேம்மா” என்றாள் அவள்.

டைரக்டர் எரிச்சலுடன் எழுந்தார். “மறுபடியுமா? ‘தொணதொணக்காதம்மா, போ’ன்னுதானே பதிவுல இருக்கு?”

“மேடையில மட்டும் நல்ல பிள்ளை வேஷம் போடறா சார்!” தோழி சிரித்தாள்.

“இந்த ஒரு வரியை மட்டும் மாத்திக்கறேனே, சார்” என்று அந்தப் பெண் கெஞ்சினாள்.

“பொய் சொல்லவா நாடகம் போடறோம்? உங்கம்மாவை முன்வரிசையில உட்கார வைக்கறேன். அப்ப மாத்த மாட்டே.”

நாடகத்தன்று அப்பா மட்டும் வந்தார்.

“அவங்கம்மா வரலையா?” என்று டைரக்டர் கேட்டார்.

“உங்ககிட்ட பொண்ணு சொல்லலையா சார்? அந்தக் கதையைப் பதிவு பண்ணின அன்னிக்கு ராத்திரியே அவம்மா நெஞ்சு வலின்னா. விடியறதுக்குள்ள போயிட்டா.”

டைரக்டர் தோழியிடம் போனார். “இன்னைக்கு நீ குரல் கொடுக்க வேண்டாம்மா.”

அந்த இடம் வந்தது. கடவுளை வேண்டிக்கொண்டு, பதிவையே ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்.

“சாப்பிட்டுட்டுப் பேசுடி, ஆறிப் போகுது!”

மகளின் பழைய பதில் வருமுன் நிறுத்தினார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“இதோ வரேம்மா” என்றபடி, குரல் வந்த பக்கமாக நடந்து திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

அவளுக்கு இன்னும் இரண்டு பக்க வசனம் பாக்கி இருந்தது. டைரக்டர் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.