இருக்கை மாறும் நேரம்

லாரி தார்ச்சாலையில் ஏறிக் கிழக்கே திரும்பியபோது, நோலீன் டீசல் பங்க்கின் கழிப்பறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள்.

கத்தினாள். வெறுங்காலோடு கொஞ்ச தூரம் ஓடவும் செய்தாள். சரளைக்கல் குத்தியது.

லாரியை ஓட்டிய டேரல் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பதினொரு வருடமாகக் கணவனும் மனைவியும் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டுகிறார்கள். பெர்த்தில் சரக்கு ஏற்றினால் அடிலெய்டில் இறக்கும்வரை ஒருவர் கை ஸ்டியரிங்கில் இருக்கும். மற்றவர் இருக்கைக்குப் பின்னால், திரை போட்ட படுக்கையில்.

படுக்கையில் எப்போதும் மற்றவருடைய உடம்புச் சூடு இருக்கும். ஆள்தான் இருப்பதில்லை.

தூங்குகிறவரின் திரையை விலக்கக் கூடாது. தூக்கம் முறிந்தால் அந்த ஓய்வு கணக்கில் வராது. ஓய்வில்லாமல் ஓட்டினால் சட்டப்படி குற்றம். அதனால் படுத்திருப்பவர் எழுந்து இறங்கினால், தலையணையை ஓட்டுநர் இருக்கையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஜோடியாக ஓட்டும் எல்லோரிடமும் இப்படி ஏதாவது ஓர் அடையாளம் உண்டு.

இன்று நோலீன் போடவில்லை. டேரல் டீசல் காசு கட்டிவிட்டு வருவதற்குள் ஏறிவிடலாம் என்று நினைத்தாள்.

“உன்னையும் விட்டுட்டுப் போயிட்டானா?” என்றாள் பங்க் கடையின் கல்லாவில் இருந்த ஷெரில். “போன மாசம் ஒருத்தன் ஜட்டியோட வந்து நின்னான். நீ எவ்வளவோ தேவல.”

நோலீனுக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. பிறகு நின்றது.

“உக்காரு. அவன் வண்டி ரேடியோவுல கூப்பிடறேன். இன்னும் எட்டுற தூரத்துலதான் இருப்பான்.”

“வேணாம் ஷெரில்.”

“ஏன்டி?”

“அவனா கவனிக்கட்டும்.”

ஷெரில் ரேடியோவிலிருந்து கையை எடுக்கவில்லை. “சாயங்காலம் அவன் ஓட்டுற நேரம் முடியுதுல்ல. நிறுத்திட்டு உன்னை எழுப்பித்தானே ஆகணும். அப்பத் தெரிஞ்சிடும்.”

“அப்பத் தெரிஞ்சா, சட்டம் சொல்லித் தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி தெரியுதான்னு பாக்கணும்.”

ஷெரில் ரேடியோவிலிருந்து கையை எடுத்தாள். கோப்பையில் டீ ஊற்றினாள். தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினாள்.

வெளியே பெஞ்சில் நிழல் இருந்தது. ஈக்களும் இருந்தன.

படுக்கையில் கிடந்தபடியே, டேரல் கியர் மாற்றும் சத்தத்தை வைத்து அவனுக்குப் பசியா கோபமா என்று அவளால் சொல்ல முடியும். அவளிடமிருந்தும் ஏதாவது திரைக்கு வெளியே போயிருக்காதா. ஓர் இருமல். புரண்டு படுக்கும் சத்தம். அது நின்றுபோனது ஒருத்தன் காதில் விழாதா.

நல்லார்பார் சமவெளியில் மரம் கிடையாது. போகிற வண்டி சிறுத்துச் சிறுத்து, கண்ணில் விழுந்த தூசி போல் ஆகும். வருகிற வண்டியும் அப்படித்தான் தொடங்கும்.

பல தூசிகள் வந்தன. ஆடு ஏற்றிய லாரி. வீட்டு வண்டியை இழுத்து வந்த ஒரு கிழத் தம்பதி. டீ ஆறிவிட்டது.

பிறகு அவர்கள் லாரியின் வெள்ளை முகப்பு, சிவப்புத் தார்ப்பாய்.

நோலீன் எழுந்துவிட்டாள். வெயில் இன்னும் சாயவே இல்லை. இருட்டுவதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது. கூந்தலை விரலால் கோதிக்கொண்டாள். என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்தாள். “சரக்க எறக்கச் சொன்னா பொண்டாட்டிய எறக்கிட்டுப் போறியா?” அதுதான் சரி என்று தோன்றியது.

லாரி வளாகத்துக்குள் வளைந்து நின்றது. டேரல் இயந்திரத்தை நிறுத்தாமல் குதித்து இறங்கினான். வெயிலுக்குக் கண்ணை இடுக்கியபடி, பெஞ்சு இருக்கும் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று கடைக்குள் போனான்.

கடைக் கதவு திறந்தே கிடந்தது.

“ஷெரில், என் தொப்பிய இங்க வச்சுட்டுப் போயிட்டேனா? அது இல்லாம கண்ணு கூசுது. ஓட்டவே முடியல.”

ஷெரில் கல்லாவுக்கு அடியிலிருந்து தொப்பியை எடுத்தாள். உடனே கொடுக்கவில்லை.

“தொப்பி மட்டும்தான் விட்டுட்டுப் போனியா?”

“வேற என்ன?”

ஷெரில் அவன் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். அங்கே வந்து நின்ற நோலீன் மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் வைத்தாள். லாரியின் மறுபக்கமாகப் போய் ஏறினாள். படுத்துத் திரையை இழுத்துவிட்டாள்.

இருக்கை அமிழ்ந்தது. கதவு பூப்போல, சத்தம் வராமல் சாத்தப்பட்டது. அவன் எப்போதும் அப்படித்தான் சாத்துவான்.

கைப்பிரேக்கை விடுவிக்கும் சத்தத்தில் அவள் புரண்டு படுத்தாள்.

“எழுந்துட்டியா?” டேரல் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஒண்ணுமில்ல, நீ தூங்கு. தொப்பிய மறந்துட்டேன், அதான் திரும்பி வந்தேன்.”

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“கெடச்சுதா?” என்றாள்.