இன்னாசிப்பிள்ளையின் குதிக்கால்

போத்தலிலிருந்து மூன்று கப்சூல்களை இன்னாசிப்பிள்ளை ஷானிகாவின் உள்ளங்கையில் கொட்டினார்.

அடுப்படி வாசலில் நின்ற அவருடைய மனைவி எமிலியா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

ஷானிகா பக்கத்து வீட்டு மக்டலினின் மகள். மடியில் நாற்பது நாள் குழந்தை. வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. தையல் போட்ட இடம் இன்னும் ஆறாமல் நீர் கசிகிறது. அந்த வேதனையில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று வந்தவுடனேயே சொல்லியிருந்தாள்.

"உடம்பும் இரும்பு மாதிரித்தான் மகள், கறள் பிடிக்கும். அந்தக் கறளைக் கழுவுற நொதியம் நமக்குள்ளேயே இருக்கு. வயசு போக நித்திரையாகிடும். இது போய்த் தட்டி எழுப்பும். பிறகு புண் தானா ஆறும்."

ஒரு சொல் பிசகவில்லை. தில்லையடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இந்தப் போத்தலை விற்கிற மர்ளியா சொன்னது அப்படியே. அவள் பாவம், தானும் நம்பித்தான் விற்கிறாள்.

சொல்லிவிட்டு மனுசன் வலது காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். சாட்சி காட்டாமல் விடுவாரா!

மூன்று மாதத்துக்கு முன் வாய் பிளந்து கிடந்த குதிக்கால். சீனி வருத்தக்காரனின் நீரிழிவுப் புண். இப்போது புதுத்தோல் மூடிக் கிடக்கிறது. ஷானிகா குனிந்து பார்த்தாள். அவளுடைய முகத்தில் வந்த நம்பிக்கையைப் பார்க்க எமிலியாவால் முடியவில்லை.

இதே வருத்தத்தில் இவருடைய அண்ணனின் காலை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். எட்டாம் நாள் அண்ணனும் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குத் தன் மருந்து எழுதுகிற கிளினிக் கொப்பியை அடுப்பில் எறிந்தவர்தான். அதன்பிறகு ஆஸ்பத்திரிக் குளிசை, மாத்திரை என்று வாயெடுத்தால் சோற்றுக் கோப்பை பறக்கும். இந்தக் கப்சூலை மட்டும் காலையில் இரண்டு, இரவில் ஒன்று, நற்கருணை வாங்குகிற பக்தியோடு விழுங்குவார்.

வாயைத் திறந்தால் இவருடைய கால் போகும். திறக்காவிட்டால் இந்தப் பெட்டை... அதற்குமேல் நினைக்க எமிலியாவுக்குப் பயமாக இருந்தது.

"வெறும் வயித்தில வேணாம் பிள்ளை. பாண் தாறேன், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுட்டுக் குடியன்."

"வெறும் வயித்திலதான் பிடிக்கும்" என்றார் இன்னாசிப்பிள்ளை.

"பால் குடுக்கிறவள்..."

"பாலுக்கும் நல்லது. நீ சும்மா இரு."

தன் தாகத்துக்கே எழும்பித் தண்ணீர் வார்த்துக் குடிக்காத மனுசன், அவரே போய்க் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தார். எமிலியா வாங்கிக் கொடுப்பதுபோல் கையை நீட்டி, கிளாசை நழுவ விட்டாள்.

"கண் தெரியல்லையா உனக்கு?"

திரும்பவும் போய் இன்னொரு கிளாஸ் கொண்டுவந்து ஷானிகாவிடமே கொடுத்தார். இனி என்ன செய்ய, அன்னம்மாத்தாயே!

ஷானிகா வாயைத் திறந்தாள்.

எமிலியா பாய்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். குழந்தை வீரிட்டுக் கத்தியது.

"அதுக்குள்ள இருக்கிறது கிளினிக் குளிசை! சீனிக்குக் குடுக்கிறது. நான்தான் இடிச்சு அடைச்சேன். உனக்குச் சீனி இல்ல மகள், குடிச்சா உள்ள சீனியும் இறங்கி விழுந்திடுவாய்!"

இன்னாசிப்பிள்ளை குனிந்து தன் குதிக்காலைப் பார்த்தார்.

திறந்த வாய் இனி மூடுமா? எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மாதம் ஒருமுறை தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நேர்த்தி என்று புறப்பட்டுப் போனது கிளினிக் வரிசைக்குத்தான். அடுப்பிலிருந்து இழுத்தெடுத்த, ஓரம் கருகிய கொப்பியை நீட்டி, மனுசன் கடலுக்குப் போய்விட்டார் என்று டொக்டரிடமும் பொய். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. கப்சூலைத் திறந்து தட்டிய மஞ்சள் தூளை வீச மனம் வராமல் தேத்தண்ணியில் போட்டு அவளே குடித்தாள். அவளுக்குள் ஒரு மண்ணும் எழும்பவில்லை.

ஷானிகா கப்சூல்களை மேசையில் வைத்தாள். "வாறேன் மாமி" என்று குழந்தையை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

இன்னாசிப்பிள்ளை போத்தலை எடுத்தார். முற்றத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நடந்தார்.

போச்சு. எல்லாம் போச்சு. எமிலியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடத் துணிவு வரவில்லை. அண்ணனின் சவப்பெட்டியை இறக்கும்போது மச்சாள் கத்திய கத்தல் காதில் கேட்டது.

மனுசன் தண்ணீர் ஓரத்தில் வெகு நேரம் நின்றார். ஒருமுறை கையை ஓங்கினார். பிறகு மணலில் காலை உதறிவிட்டுத் திரும்பி வந்தார்.

போத்தல் கையிலேயே இருந்தது. அதை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். எமிலியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த மாசம் தலவிலைக்கு எப்ப போறாய்?"

"புதன்கிழமை" என்றாள் எமிலியா.

"நானும் வாறேன். கொப்பியை மறந்திடாத."