வைக்கோல் பொம்மைக்கு லைனிங் எதற்கு?

வைக்கோல் பொம்மை போட்டிருந்த கோட்டு திருடு போனது என்று ஒரு கேஸை, போலீஸ்காரர் தன் சர்வீஸ் முழுக்கக் கேள்விப்பட்டதே இல்லை.

ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், அதைவிட முக்கியமாக அவர் சும்மா இருப்பது மனைவிக்குப் பிடிக்காமல், ஊருக்கு வெளியே இருந்த பழைய பண்ணைப் பூங்காவில் தன்னார்வலராகச் சேர்ந்திருந்தார். அந்தக் காலத்தில் எப்படி உழுதார்கள், எப்படிப் பால் கறந்தார்கள் என்று வருகிறவர்களுக்குச் செய்து காட்டுகிற இடம் அது. இவருக்கு மாடும் வசப்படவில்லை, மண்வெட்டியும் வசப்படவில்லை. அதனால் அறுவடை வாரத்துக்குக் காவல் வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

அறுவடை வாரத்தில் பொம்மைப் போட்டிதான் விசேஷம். தன்னார்வலர்கள் ஆளுக்கொரு சோளக்கொல்லை பொம்மை செய்து வரப்பில் நிறுத்துவார்கள். கடைசி நாளில் சனங்கள் ஓட்டுப் போடுவார்கள்.

தையல்காரம்மாவின் பொம்மைக்குப் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது. ஆனால் ஒரு வருஷம்கூட அது ஜெயித்ததில்லை. ஓட்டுப் போடுகிற அன்று காலையில் அதன் புதுக் கோட்டு காணாமல் போயிருக்கும்.

இந்த வருஷமும் போய்விட்டது.

"நீங்க காவல் இருந்துமா சார்?" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

போலீஸ்காரருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குள் திருடனைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வரப்பில் இறங்கினார்.

பார்க்கப் பார்க்க ஆச்சரியமாகத்தான் இருந்தது. வரிசையில் எத்தனையோ பொம்மைகள் நிற்க, கை வைத்தது இந்த ஒன்றில் மட்டும். தொப்பியைத் தொடவில்லை. கழுத்துத் துணியைத் தொடவில்லை. அதைவிட வேடிக்கை, பொம்மை வெறுமனே நிற்கவில்லை. முழங்கை தேய்ந்துபோன ஒரு பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது, அதுவும் கழுத்துவரை பொத்தான் மாட்டி.

திருட வந்தவன் உருவிக்கொண்டு ஓடுவானா, நின்று நிதானமாகப் பொம்மைக்குப் பொத்தான் போட்டுவிடுவானா? எவ்வளவோ களவு பார்த்தவருக்கு இந்தக் களவு பிடிபடவே இல்லை.

காணாமல் போன புதுக் கோட்டைத் தைக்கும்போதே அவருக்கு ஒரு குறுகுறுப்பு. தடித்த கம்பளித் துணி, உள்ளே லைனிங், போதாததற்கு உள்பாக்கெட் வேறு. வைக்கோலுக்கு லைனிங் எதற்கு என்று தையல்காரம்மாவிடம் கேட்டே விட்டார். வைக்கோலுக்கும் குளிராதா சார் என்று சிரித்துவிட்டு அந்த அம்மா ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

ஈர மண்ணில் செருப்புத் தடம் தெளிவாகவே விழுந்திருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்த தடம். வேலி இடுக்கு வழியாக வெளியே போய், எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விட்டது.

அங்கே பெஞ்சு ஓரத்தில் நரைத்த தாடியோடு ஒரு ஆள். காலடியில் ஒரு மூட்டை. மேலே அதே கோட்டு!

பஸ்ஸுக்கு வந்தவர் மாதிரி போலீஸ்காரர் பக்கத்தில் போய் நின்றார். அந்த ஆள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். துணுக்கு ஒன்றும் கோட்டில் விழுந்துவிடாதபடி மோவாய்க்குக் கீழே ஒரு கையை ஏந்திக்கொண்டு தின்றார். திருட்டுப் பொருள் மேல் இவ்வளவு அக்கறையா என்று போலீஸ்காரர் மனசுக்குள் நொடித்துக்கொண்டார்.

பூங்கா வாசல் வாட்ச்மேனைக் கூப்பிட்டு அங்கே காவலுக்கு நிறுத்திவிட்டு நேரே கண்காணிப்பாளரிடம் போனார். அந்த அம்மா உடனே போலீஸுக்கு போன் போடப் போனார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. தைச்சவங்க வந்து இது என்னோடதுதான்னு ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா கேஸ் நிக்காது."

"அப்போ சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவை அந்த ஆளை உள்ள தள்ளாம விடறதில்ல."

தையல்காரம்மா கொட்டகையில் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஏதோ விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் தடம் கண்டுபிடித்ததிலிருந்து ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். ஒரு பாராட்டை எதிர்பார்த்தார்.

மிஷின் நின்றது. அந்த அம்மாவின் முகம் வெளிறிப் போனது.

"பிடிச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. வாட்ச்மேன் பார்த்துக்கிட்டிருக்கார். நீங்க வந்து உங்க கோட்டுதான்னு சொன்னாப் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"நான் வரலை சார்."

"பயப்படாதீங்கம்மா. நான்தான் கூட இருக்கேன்ல?"

"பயம் இல்ல. என்னைப் பார்த்தா அவர் உடனே கழட்டி நீட்டிடுவார். முதல் வருஷம் கையில கொடுத்துப் பார்த்தேன், வேண்டாம்னுட்டார். பொம்மைகிட்டன்னா, தன் பழசைக் கொடுத்துட்டு மாத்திக்கிறார்."

வெளியே கண்காணிப்பாளர் அம்மா போலீஸ்காரரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

தையல்காரம்மா எழுந்து அவர் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கதான் கிட்டப் போய்ப் பார்த்திருக்கீங்களே சார், சொல்லுங்க. கை நீளம் சரியா இருக்கா? போன வருஷம் கொஞ்சம் குட்டையாப் போச்சு."