மைனஸ் இருபது தாங்கும்

மணாலியைத் தாண்டியதும் பனி கொட்டியது. முன்னால் நின்ற வண்டிகள் நகரவே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி தரணீதரன் கையை நீட்டி, வாடகைக் காரின் ஹீட்டரை அணைத்தார்.

“ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா?” மனைவி கோகிலவாணிக்குப் பல் தந்தியடித்தது.

“போட்டிருக்கறது நம்ம கம்பெனி தெர்மல் பனியனாக்கும். மைனஸ் இருபது தாங்கும். வெள்ளைக்காரனே இதைப் போட்டுட்டுத்தான் பனிச்சறுக்குப் போறான்.”

“அப்பா, அந்தக் கடையில ஜாக்கெட் வாடகைக்குத் தர்றாங்க,” என்றாள் மகள் அக்ஷரா.

“முதலாளி ஊட்டுப் புள்ள வாடகைத் துணி போடறதா?”

“கொடைக்கானல் போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சொந்தபந்தத்துக்கெல்லாம் ஸ்கீயிங் போறோம்னு போன் போட்டுப் பீத்தியாச்சு. இப்ப வெறைச்சுச் சாகறோம்!” என்றாள் கோகிலவாணி.

ஒருவழியாகச் சறுக்குமிடம் வந்தது. சறுக்குக் கட்டைகளை மாட்டி நின்ற அக்ஷராவின் உதடு நீலம் பாரித்திருந்தது. தரணீதரன் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

“சிரிச்சுட்டே சறுக்கு கண்ணு. கதகதன்னு இருக்குன்னு இங்கிலீஷ்ல சொல்லு.”

“யாருக்குப்பா வீடியோ?”

“ஜெர்மனிக்காரனுக்குத்தான். நம்ம தெர்மல் குளிர் தாங்கலைன்னு மொத்தக் கண்டெய்னரையும் திருப்பி அனுப்பிட்டான்.”

கோகிலவாணி தான் போட்டிருந்த தெர்மலின் கையைப் பார்த்தாள். “அப்ப நாங்க போட்டிருக்கறது?”

“அதே சரக்குதான். நடுங்காம நில்லு, நீயும் படத்துல விழறே.”

அக்ஷரா சிரித்தாள், சொன்னாள், சறுக்கினாள். ஒரு குறையுமில்லை.

வீடியோவைப் போட்டுப் பார்த்தால், அதில் பனிமலையே கிடுகிடுவென்று ஆடியது. படம் எடுத்தவரும் அதே தெர்மலைத்தான் போட்டிருந்தார்.